கிழங்கு வேகட்டும், நாம் உட்காருவோம்

சின்னச் சமையலறைக்கு என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்குப் பதில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் லிட்டர் கணக்குச் சொல்வார். கணவர் எத்தனை ஸ்டார் என்று பார்ப்பார். மாமியார் "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்பார். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: இது வந்தபின் அடுப்படியில் அவள் நிற்கும் நேரம் குறையுமா?

குறையும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நம்மை நம்பவைத்தார்கள். கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல் இருந்த காலத்தில் பல வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விசேஷ நாளுக்கும் உரியவை. கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது, தோள்வலி போனது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோது "இலவசம்" என்று கேலி பேசிய ஆண்களில் எத்தனை பேர் குழவியைப் பிடித்திருப்பார்கள்?

ஆனால் மிச்சமான நேரம் நம் கைக்கு வரவில்லை. விசேஷப் பலகாரம் தினசரி டிபன் ஆகிவிட்டது. மாவு ஆட்டுவது எளிதாயிற்று. அதனால் தினமும் ஆட்டலாம் என்றாயிற்று. தோசை சுடச்சுட வேண்டும், ஒவ்வொன்றாகத் தட்டில் விழ வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட, ஒருத்தி நின்று சுடுகிறாள். அவள் முறை வரும்போது மாவு அடிமட்டத்தில் இருக்கும். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்க வீடுகளைப் பற்றி 1983-இல் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘மோர் வொர்க் ஃபார் மதர்’. கருவிகள் வரவர வீட்டில் மற்றவர்கள் செய்துவந்த வேலை குறைந்தது, அம்மாவிடம் எதிர்பார்ப்பது கூடியது என்று அவர் காட்டினார். நம் தோசைக்கல்லுக்கும் அது பொருந்தும்.

2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லா வீட்டுவேலை செய்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்தவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். மிக்சி, குக்கர், கேஸ் எல்லாம் பரவிய நாட்டின் கணக்கு இது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு.

அந்த நேரம் கழியும் இடத்தையும் பாருங்கள். தேசியக் கட்டட விதிகளின்படி வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் வேண்டும். தனியாகச் சாப்பிடும் இடமுள்ள வீட்டில் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும், அகலம் 1.8 மீட்டர். இருபுறமும் மேடை போட்டுவிட்டால் ஒருவர் திரும்பத்தான் இடம் இருக்கும். "ஹெல்ப் பண்ணலாம்னுதான் வந்தேன், இடமே இல்லையே" என்று வாசலிலேயே நின்றுவிட வசதியான அளவு. 1926-இல் மார்கரேட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியில் வடிவமைத்த ஃப்ராங்ஃபர்ட் சமையலறையும் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். பெண்ணின் நடையைக் குறைக்க நினைத்து ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டார்கள். ஆனால் அதற்குள்ளும் ஒருத்திதான் நின்றாள்.

இங்கேதான் நான் உருளைக்கிழங்குக்கு வருகிறேன். பேக் செய்த உருளைக்கிழங்கு யாரையும் பக்கத்தில் நிறுத்திவைக்காது. 200 கிராம் அளவுள்ள கிழங்கைக் கழுவித் துடையுங்கள். முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். எண்ணெயும் உப்பும் தடவி, சூடேறிய ஓடிஜியில் கம்பித்தட்டின்மேல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஃபாயில் சுற்றவேண்டாம், சுற்றினால் தோல் நமத்துப்போகும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. உடனே கீறிவிட்டால் ஆவி போய் உள்ளே பொலபொலவென்று இருக்கும். தயிர், நறுக்கிய வெங்காயம், இட்லிப்பொடி, கூட ஒரு கிண்ணம் சுண்டல். நமக்கான வேலை பத்து நிமிடம். மீதி நேரம் அடுப்பு தன் வேலையைப் பார்க்கும், நேரமானதும் தானே அணையும்.

"கரண்ட் பில்?" என்பார்கள். 1200 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 1.2 யூனிட்தான். வீட்டு ஏசியிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்கிறார்களா? ஒரே கிழங்குக்காக அதை எரிப்பது வீண் என்பது சரி. நான்கு கிழங்கைச் சேர்த்து வையுங்கள், அதே நேரத்தில் நான்கும் வேகும்.

"இதெல்லாம் ஒரு சாப்பாடா, வெள்ளைக்காரன் சாப்பாடு" என்றும் சொல்வார்கள். சமையல் முடிந்த விறகடுப்பின் தணலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டு வேறு வேலை பார்த்த பாட்டிகள் நம் ஊரில்தான் இருந்தார்கள். கிழங்கைச் சுட ஆள் நிற்கத் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே சாமான் வாங்கும்போது கேட்கவேண்டியவை நான்கு. நேரம் வைத்துவிட்டு நகர்ந்தால் தானே அணையுமா? கழுவவேண்டிய பாகங்கள் எத்தனை? மேடையில் நிரந்தரமாக இருக்குமா, ஒவ்வொரு முறையும் பரணிலிருந்து இறக்கவேண்டுமா? வீட்டில் இன்னொருவர் இயக்குவாரா? இந்தக் கணக்கில் ஏழு பிளேடு ஃபுட் ப்ராசசர் தோற்கும். பிளேடுகளைக் கழுவப்போவது நாம், அல்லது நம்மிடம் வேலைக்கு வரும் இன்னொரு பெண். சின்ன ஓடிஜி தேறும். இரண்டு பேர் வீட்டுக்கு ஏர்ஃப்ரையரும் தேறும். மைக்ரோவேவ் ஏற்கனவே இருந்தால் வேறெதுவும் வாங்கவேண்டாம். குத்திவைத்த ஒரு கிழங்கு ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும், தோல் மொறுமொறுக்காது, அவ்வளவுதான். வாங்குமுன் சமையலறையில் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதிலும் ஃபிரிட்ஜ் உட்கார்ந்திருக்கும்.

நான்காவது கேள்விதான் முக்கியம். அதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் எந்தச் சாமானும் நம் நேரத்தை மிச்சப்படுத்தாது. கிரைண்டர் செய்ததையே இதுவும் செய்யும். நாளைக்கே "கிழங்கோடு கொஞ்சம் ரசமும் வெச்சிடேன்" என்று குரல் வரும். வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி தட்டில் கிழங்கும் சுண்டலும் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் கிழங்கைக் கழுவி, குத்தி, உள்ளே வைத்து, டைமரைத் திருப்புவது மகனோ கணவனோ என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்கு 5 சதுர மீட்டர் தாராளம். நாம் வெளியே வந்துவிட்டால் அவர்கள் நிற்க இடம் இருக்கும்.