மதகுக்குக் கீழே மனை

போன வாரம் செங்கல்பட்டு தாண்டி ஓர் ஏரிக்கரையில் நின்றேன். தங்கையும் மாப்பிள்ளையும் மனை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மதகிலிருந்து இறங்கிய வாய்க்கால் ஐம்பதடி ஓடி, புதிதாகக் கொட்டிய செம்மண் சாலைக்கடியில் காணாமல் போயிருந்தது. சாலையின் இருபுறமும் மஞ்சள் பூசிய கற்கள். நடுவே ஒரே ஒரு துண்டில் நெல். அதன் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் ஆயில் என்ஜின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். “ஏரி ரொம்பித்தான் இருக்குது சார். என் கழனிக்கு வர வழிதான் இல்ல,” என்றார்.

நஞ்சை பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது. தலைமடைக்காரர் விற்றதும் வாய்க்கால் தூர்ந்துவிடுகிறது. கடைமடைக்காரர் இரண்டு போகம் தரிசு போடுகிறார். பிறகு, பயிரே ஏறாத நிலம் என்று அதுவும் மனையாகிறது.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். கல் நட்ட கழனி அதற்குப் பின் கழனியாகத் திரும்பவில்லை.

தங்கை மீது எனக்குக் கோபமில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தாம்பரத்தில் வாடகை. பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றைக் கலக்கும். நகரத்துக்கு எல்லை போட்டு வயலைக் காக்க வேண்டும் என்று எழுதுகிற நான், அவளுக்கு வீடு எங்கே என்றும் சொல்லியாக வேண்டும்.

என் பதில் ரயில் ஜன்னலில் தெரிகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று போகிற வழியெல்லாம் கம்பிவேலி போட்ட காலி மனைகள், உள்ளே சீமைக்கருவேலம். வாங்கியவர்கள் விலை ஏறக் காத்திருக்கிறார்கள். ரயில், சாலை, குடிநீர் எல்லாம் எட்டுகிற இடம் சும்மா கிடக்க, வீடு தேடுகிறவர்கள் மதகடிக்குப் போகிறார்கள். காலிமனை வரி சுடுகிற அளவுக்கு உயர வேண்டும். 2019 கட்டட விதிகள், மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக்கின. அந்தக் கூடுதல் இடம், ரயில் நிலையங்களை ஒட்டி, மாதச் சம்பளக்காரர்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய சின்ன வீடுகளாக வேண்டும்.

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. அதற்குள் எத்தனையோ ஏரிகள். வரைபடத்தில் ஏரிக்கு நீலம் தீட்டிவிட்டால் ஏரி பிழைக்காது. மதகு, வாய்க்கால், கடைமடை வரை ஆயக்கட்டு மொத்தத்தையும் ஒரே துண்டாக வளைத்துக் கோடு போட வேண்டும். அதற்குள் ஒரு மனைக்குக்கூட அனுமதி கூடாது. காவிரி டெல்டாவில் வேளாண்மையைக் காக்க 2020இல் சட்டம் போட்டு, புதிய ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கும் சில ஆலைகளுக்கும் தடை விதித்தார்கள். அந்தப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை.

தங்கை முன்பணம் கொடுக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வருகிறதாம். அவர்கள் கையிருப்பைவிட மூன்று லட்சம் அதிகம்.