மண்ணே காப்பு

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு அடித்தளக் காப்பின்றியே எழுப்பப்பட்டது. இத்தகு மேடுகளில் மழைநீர் குப்பையூடு இறங்கி, நச்சுச்சாறாய் நிலத்தடி நீரிற் கலக்கும்.

இதனைத் தடுக்கும் ஆற்றல் நம் காலடிக் களிமண்ணுக்கு உண்டு. அதன் நுண்டுகள்கள் நெருங்கி இறுகுவன. பெந்தோனைட்டுக் களியோ நனைந்தாற் பருத்துப் புழைகளை அடைக்கும். 2016-ஆம் ஆண்டுத் திண்மக்கழிவு நெறிமுறைகள் 1.5 மி.மீ. நெகிழித் தாளின் கீழ் 90 செ.மீ. களிப்படுகையையும் வேண்டின, அப்படுகையின் கசிவளவு நொடிக்கு ஒரு செ.மீ.இன் கோடியில் ஒரு பங்கை விஞ்சலாகாது.

எந்த மண்ணும் ஆகுமென்று கொட்டிவிடல் மடமை. காய்ந்த களி வெடிக்கும். ஆய்ந்து, ஈரங்காத்து, இறுக்கியே இடல்வேண்டும். நெகிழி கிழியினும் தாங்குவது மண்ணே.

தமிழ்மக்களே! தளமிடாக் குப்பைமேட்டுக்கு உங்கள் ஊரில் இடந்தராதீர்! கிணறு கெட்டபின் புலம்பிப் பயனில்லை.