எழுதவிடாமலே எழுதத் தெரியவில்லை என்பதா?

அண்மையில் ஒரு கல்லூரியின் பெற்றோர் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களைப் பற்றிப் பேராசிரியர் ஒருவர் மனம் நொந்து பேசினார். “விடுப்பு விண்ணப்பம் நான்கு வரி எழுத வராதவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?” என்றார். முன்வரிசையிலிருந்த தாய்மார் சிலர் தலைகுனிந்தனர். அவர்களுள் சிலருடைய குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளையே அந்தப் பிள்ளைதான். தலைகுனிய வேண்டியவர்கள் அவர்கள் அல்லர் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

பிழைகள் மலிந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. லகர, ளகர, ழகரங்கள் தடுமாறுகின்றன. எழுவாய் ஒருமையில் தொடங்க, வினை பன்மையில் போய் முடிகிறது. ஆங்கிலத்தின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஆனால், நாம் கேட்பது ஒன்று. பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பில் இந்தப் பிள்ளை தன் சொந்தச் சொற்களால் ஒரு பக்கம் எழுதியது எத்தனை முறை? கட்டுரையையும் உரைநூலிலிருந்து மனப்பாடம் செய்துதானே எழுதிற்று? கல்லூரிக்கு வந்தபின்னும் ஆசிரியர் குறிப்புச் சொல்கிறார், பிள்ளை எழுதிக்கொள்கிறது.

மதரஸாவில் ஓதியவர்கள் அறிவர்: இம்லா வேறு, இன்ஷா வேறு. உஸ்தாத் சொல்லச் சொல்லப் பிழையின்றி எழுதுவது இம்லா. தன் உள்ளத்தில் உள்ளதைத் தானே வாக்கியமாக்குவது இன்ஷா. நம் உஸ்தாத், “உன் ஊர்க் குளத்தைப் பற்றி அரபியில் ஐந்து வரி எழுதி வா” என்பார். ஐந்தில் நான்கு பிழையாகவே இருக்கும். அவர் ஒரே ஒரு வரியைத் திருத்திக் காட்டிவிட்டு, மற்றவற்றை நம்மையே மீண்டும் எழுதச் செய்வார். இன்று கல்லூரி முதலாண்டில் நடப்பது முழுக்க இம்லா. பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதோ இன்ஷா. (நாம் கண்ட மதரஸாக்கள் சிலவற்றிலும் இன்ஷா வகுப்பு பெயரளவுக்கே நடக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.)

‘இலக்கணத்தை மீண்டும் ஒருமுறை நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பார் உளர். 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் இதற்கு விடை கூறிவிட்டார். மொழியின் விதிகளை அறிவது வேறு, மொழியைக் கையாளும் ‘மலகா’ என்னும் பழகிய திறன் வேறு என்கிறார் அவர். தையற்கலையை வாயால் விளக்க வல்லவன், ஊசியை எடுத்துத் தைக்கச் சொன்னால் விழிப்பதை அவர் உவமையாகக் காட்டுகிறார். நல்ல நூல்களை மனனம் செய்யவும் அவர் வற்புறுத்தினார். ஆயினும், அதன்பின் தானே புனைந்து புனைந்து பழகவேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. நாம் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

‘தகுதியற்றோரைச் சேர்த்துவிட்டார்கள்’ என்னும் புலம்பல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1969இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த மாணவர்களும் கிளர்ந்தெழுந்தனர். அதனைத் தொடர்ந்து 1970 முதல், உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்தார் எவர்க்கும் நகரப் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் இடமளித்தது. அங்கும் பேராசிரியர்கள் விடைத்தாள்களைக் கண்டு திகைத்தனர். அக்கல்லூரியில் எழுத்துப் பயிற்சியை நடத்திய மினா ஷாக்னசி என்னும் அம்மையார் மட்டும் திகைத்து நின்றுவிடவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் மாணவர் கட்டுரைகளை ஆராய்ந்து, 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். இம்மாணவர்கள் அறிவிலிகள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள். அவர்களுடைய பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதனைக் கண்டறிவது ஆசிரியர் கடமை என்று அவர் நிறுவினார்.

நம் பிள்ளைகளின் தாள்களிலும் அந்த ஒழுங்கைக் காணலாம். ‘எடம்’ என்று எழுதும் பிள்ளை, காது கேட்டதைக் கை எழுதுகிறது. அதனை ‘இடம்’ என்றும், ‘வெலை’யை ‘விலை’ என்றும் திருத்துகிறோம். மறுவாரம் அதே பிள்ளை ‘செலவு’ என்னும் சரியான சொல்லை ‘சிலவு’ என்று எழுதுகிறது! சிவப்பு மை அதன்மேல் பாய்கிறது. பிள்ளை செய்தது என்ன? நாம் கற்பித்த விதியை நம்மைவிட உண்மையாகப் பின்பற்றியது. அதனை அருகழைத்து, “ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேட்டிருந்தால், இரண்டு நிமிடத்தில் அந்தப் பிழை தீர்ந்திருக்கும்.

செய்யவேண்டியது பெரிய வித்தையன்று. முதலாண்டில் வாரம் ஒரு பக்கம். வகுப்பிலேயே, குறிப்பைப் பாராமல். தமிழில் ஒருவாரம், ஆங்கிலத்தில் ஒருவாரம். வாப்பாவின் கடையைப் பற்றி எழுதட்டும். உம்மா செய்யும் நோன்புக் கஞ்சியைப் பற்றி எழுதட்டும். ஆசிரியர் படித்து, ஒன்றோ இரண்டோ பிழைகளை மட்டும் சுட்டித் திருப்பித் தரட்டும். பிள்ளை திருத்தி எழுதட்டும்.

அறுபது பேர் வகுப்பில் இது இயலுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. தாளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் வகுப்பொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆகும். மூன்று நான்கு வகுப்புகளைச் சுமப்பவர் என்ன செய்வார்? இங்கேதான் நிர்வாகத்தினரிடம் நம் வழக்கு. முகப்புக்குப் பளிங்கு பதிக்கப் பணம் கிடைக்கும்போது, இன்னும் இரண்டு மொழியாசிரியர்களை அமர்த்த மட்டும் பணம் எங்கே போயிற்று?

பெற்றோரே! அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். பிள்ளையின் குறிப்பேட்டை மேசைமேல் விரித்து வையுங்கள். இதில் என் பிள்ளை தானாக எழுதிய பக்கம் எது, அதில் ஆசிரியர் கைபட்ட இடம் எது என்று கேளுங்கள்.