வலி நமக்கு, கேள்வி அவர்களுக்கா?

“பேஷண்டுக்கு என்ன சார் தெரியும்?”

மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி எங்கே பேசினாலும் இந்த ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்டதும் எல்லாரும் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு இந்த வாக்கியத்தோடு சண்டை இருக்கிறது.

மயக்க மருந்தின் அளவை நோயாளிகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. அது படித்தவர்களின் வேலை, படித்தவர்களே செய்யட்டும். ஆனால் எதை ஆராய வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அங்கே யாருடைய கஷ்டம் முக்கியம் என்று முடிவாகிறது. அதைப் படிப்பு மட்டும் தீர்மானிக்க முடியாது.

மயக்க மருந்து நிபுணர் நோயாளியைப் பார்ப்பது பெரும்பாலும் தியேட்டரிலும் அதையொட்டிய சில மணி நேரங்களிலும்தான். அதனால் ஆராய்ச்சியும் அங்கேயே சுற்றிச்சுற்றி வருகிறது. வாந்தி வந்ததா, எவ்வளவு சீக்கிரம் கண் விழித்தார், முதல் நாள் எத்தனை மில்லிகிராம் மார்ஃபின் தேவைப்பட்டது? எல்லாம் தேவையான கணக்குதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த அம்மாவால் பேத்தியைத் தூக்க முடிகிறதா என்பது இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் வரும்? டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதில் நிபுணர் ஒருவர்தான் உண்டு. அவர் பேஷண்ட்.

பிரிட்டனில் இதை வெறும் பேச்சாக விடாமல் செய்து பார்த்தார்கள். 2004இல் அங்கே ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1747இல், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தவர்கள் தேறியதைக் காட்டிய கப்பல் மருத்துவரின் பெயர் அது. இந்த அமைப்பின் முறை எளிது. நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லாரிடமும் விடை தெரியாத கேள்விகளைக் கேட்டு வாங்குவார்கள். ஏற்கெனவே விடை கிடைத்த கேள்விகளைக் கழிப்பார்கள். மிச்சத்தை எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வரிசைப்படுத்துவார்கள். ஆராய்ச்சியை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் மருந்து கம்பெனிகளுக்கும் அங்கே ஓட்டு கிடையாது.

மயக்கவியலுக்கும் அறுவை சிகிச்சையை ஒட்டிய கவனிப்புக்கும் இப்படி ஒரு பட்டியல் 2015இல் வெளியானது. முதலிடம் பிடித்த கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் நாள்பட்ட வலி வராமல் தடுப்பது எப்படி? மூன்றாவது, திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்தால் நீண்டகாலத் தீங்கு உண்டா? ஐந்தாவது, வயதானவர்கள் நன்றாகத் தேறிவர என்ன செய்யலாம்? ஏழாவது, வளரும் மூளையை மயக்க மருந்து என்ன செய்கிறது? பத்தாவது, நோயாளியைப் பார்க்கும் வெவ்வேறு குழுக்கள் தங்களுக்குள் ஒழுங்காகப் பேசிக்கொள்ள என்ன வழி?

சொல்லுங்கள், இதில் எந்தக் கேள்வி விவரம் தெரியாதவர்களின் கேள்வி?

கால் எடுத்தவர்கள், மார்பகம் அகற்றியவர்கள், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், குடலிறக்கத்துக்கு அறுவை செய்தவர்கள் என்று பலருக்கு மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்பதில்லை. காயம் ஆறியாச்சு, ஃபைல் மூடியாச்சு, வலி மட்டும் பாக்கி. அந்தப் பாக்கிதான் பட்டியலின் முதலிடத்தில் வந்து நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது கேள்வி: மயக்க மருந்தும் கவனிப்பும் ‘வெற்றி’ என்று எதை வைத்துச் சொல்வது? வெற்றிக்கு அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் எப்போதும் ஜெயித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அளவுகோலையே கேள்வி கேட்பது சின்ன விஷயமில்லை.

இன்னொரு பக்கம் பணம். அதே 2015இல் பல நோய்களுக்கான இத்தகைய பட்டியல்களை, பிரிட்டனில் பதிவான மருத்துவப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து தேர்ந்த முன்னுரிமைகளில் மருந்து பற்றியவை 18 சதவீதம். வணிக நோக்கமற்ற பரிசோதனைகளில் 37. வணிகப் பரிசோதனைகளில் 86. குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை மாத்திரையாக்கி விற்க முடியாதே!

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. படிவத்தை நிரப்ப நேரமும் மொழியும் வேண்டும். அது இல்லாதவர்களின் வலி பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். போதாததற்கு, பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் இவை கதவை அகலமாகத் திறப்பதற்கான காரணங்கள், சாத்துவதற்கானவை அல்ல.

நம்மூர் நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகள், நெறிமுறைக் குழுவில் துறை சாராத சாமானியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் அவர் உள்ளே வரும்போது கேள்வி ஏற்கெனவே முடிவாகி, ஆய்வுத் திட்டம் அச்சாகி மேஜைமேல் இருக்கும். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

பிரதியின் அர்த்தத்தை வாசகரும் சேர்ந்தே உருவாக்குகிறார் என்று விடிய விடியப் பேசுகிற நாம், உடம்பின் விஷயத்தில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சியின் விண்ணப்பத்திலும், செலவுக் கணக்குக்கு முன்னால் ஒரு வரி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பேன்: இந்தக் கேள்வியைக் கேட்டது யார்? அந்த இடம் காலியாக இருந்தால் பணமும் கிடையாது.