பூட்டுப் போட்டால் காடு வளருமா?



செஞ்சியிலிருந்து வடமேற்கே போனால் அவலூர்பேட்டை வரும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்கு பழக்கம். அங்கே ஒரு சாலைக்கே அவலூர்பேட்டைச் சாலை என்றுதான் பெயர். அவலூர்பேட்டையில் ஒரு குன்று உண்டு; குன்றின் மேல் முருகன் கோயில் உண்டு. வாரந்தோறும் சந்தையும் கூடும். பண்டிகை நெருங்கிவிட்டால் சந்தை முழுவதும் ஆடுகள்தான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு விலை பேசுகிறவர்களின் கூட்டத்தில் நுழைந்து வெளியே வருவதே பெரும்பாடு.

அந்தச் சந்தையில் உங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன். இத்தனை ஆடுகளும் எங்கே மேய்ந்து வளர்ந்தன?

அறுவடையான வயலில் சில நாட்கள், ஏரிக்கரையில் சில நாட்கள், புறம்போக்கில் சில நாட்கள் மேய்ந்திருக்கும். இவையெல்லாம் காய்ந்துபோகும் மாதங்களில் என்ன செய்யும்? மலையடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். செஞ்சி வட்டாரத்து மலைகளில் பல, வன இலாகாவின் காப்புக்காடுகள். அங்கே மேய்க்கக்கூடாது என்று வனக்காவலர் சொல்வார். "வேறு எங்கே ஓட்டுவது?" என்று ஆடு வைத்திருப்பவர் கேட்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், அந்த மலை நமக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். செஞ்சிப் பக்கத்து மலைகள் கருங்கற்பாறைக் குன்றுகள். பெரிய பெரிய உருண்டைக் கற்களை யாரோ அடுக்கி வைத்ததுபோல இருக்கும். மண் குறைவு. வெறும் பாறையில் விழும் மழை சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு ஓடிவிடும். ஓடும்போது மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். உசில், வெட்பாலை, களா, காரை போன்ற மரங்களும் புதர்களும் உள்ள சரிவில் நடப்பது வேறு. இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. கீழே உதிர்ந்து கிடக்கும் சருகு நீரைத் தேக்கிக்கொள்கிறது. வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் உண்டாக்கிய துளைகள் வழியே நீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் புகுந்து அடிவாரத்துக் கிணறுகளில் ஊறுகிறது. மண் அரித்து வராததால் ஏரியும் விரைவில் தூர்ந்து போவதில்லை. ஆகவே, மலைப்பக்கமே போகாத விவசாயிக்கும் மலையில் பங்கு இருக்கிறது.

இந்தக் காடு எப்படிக் கெடுகிறது? ஆடு கெட்ட பிராணி அல்ல. பெரிய மலையில் சில ஆடுகள் மேய்வதால் பெரிய தீங்கு எதுவும் வராது. மழை பெய்து விதைகள் முளைக்கும் சமயத்தில், ஒரே சரிவில், நூற்றுக்கணக்கான ஆடுகள் நாள்தோறும் மேய்ந்தால்தான் தொல்லை. இளங்கன்றுகளின் நுனியெல்லாம் போய்விடும். முதிர்ந்த மரங்கள் மட்டும் நிற்கும். அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கன்றுகள் இருக்கா. தாத்தா பாட்டிகள் மட்டும் வசித்து, ஒரு குழந்தைகூட இல்லாத ஊரை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட காடு பார்வைக்குப் பச்சையாக இருக்கும். உண்மையில் அது முடிந்துகொண்டிருக்கும் காடு.

அடுத்தது தீ. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைத்த தீயானாலும், அணைக்காமல் எறிந்த பீடித்துண்டானாலும் விளைவு ஒன்றே. புல்லின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. எரிந்தாலும் மீண்டும் வந்துவிடும். மரக்கன்றும் வேரிலிருந்து துளிர்க்க முயலும். ஆனால் ஆண்டுதோறும் தீ வந்தால் அது முழங்கால் உயரத்தைத் தாண்டுவதே இல்லை. இப்படியே காடு புல்வெளியாகிறது. புல் மிகுந்தால் அடுத்த தீ இன்னும் பெரிதாகிறது.

இதற்கு இரண்டு வகையான யோசனைகளைப் பலர் சொல்கிறார்கள். "வேலி போட்டு மூடிவிடு, யாரையும் விடாதே" என்பது ஒன்று. "காடு பொதுச்சொத்து, எல்லாருக்கும் திறந்துவிடு" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் அபிப்பிராயம்.

மூடிப் பார்த்த அனுபவம் நமக்கு உண்டு. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ்க் காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அடிவாரத்து மக்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். காவலர் ஒருவர், மலையோ பல சதுர கிலோமீட்டர். தீ எங்கே கிளம்பியது, மரம் எங்கே விழுந்தது என்பதை முதலில் பார்ப்பவர் அடிவாரத்தில் இருப்பவர்தான். அவருக்கு அந்தக் காட்டில் எந்தப் பங்கும் இல்லையென்றால் அவர் ஏன் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மேற்கு வங்காளத்தில் ஒரு விடை கிடைத்தது. மிதினாப்பூர் மாவட்டத்தில் அரபாரி என்னும் இடத்தில் சால மரக்காடு வெட்டி வெட்டிப் புதராகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஏ. கே. பானர்ஜி என்னும் வன அதிகாரி 11 கிராமங்களின் மக்களோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். மக்கள் காட்டைக் காக்க வேண்டும்; அவர்களுக்கு வேலையும், விறகும், மரம் விற்ற வருமானத்தில் 25 சதவிகிதமும் கிடைக்கும். 600க்கு மேற்பட்ட குடும்பங்கள் இதில் சேர்ந்தன. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் சால மரத்துக்கு உண்டு. துளிரை வெட்டாமல் விட்டதே போதுமானதாயிற்று. 1980களில் அங்கே மறுபடியும் காடு நின்றது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் மக்களைப் பங்காளிகளாக ஏற்றுக்கொண்டன.

தமிழ்நாட்டிலும் 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. கன்றுகள் நட்டார்கள், தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் கட்டினார்கள், காட்டை நம்பியிருந்தவர்களுக்கு வேறு தொழில் செய்யக் கடன் கொடுத்தார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒன்று சொல்வேன். பணம் வரும்வரை கூடி, பணம் நின்றதும் கலைந்துவிடும் குழு பங்காளி ஆகாது. அது கூலிக்கு வந்த ஆள். நிலமில்லாமல் பத்து ஆடுகளை மட்டும் நம்பி வாழ்பவரும், விறகு பொறுக்கப் போகும் அம்மாவும் உட்காராத குழுவில் எடுத்த முடிவு மலையேறாது.

சரி, திறந்துவிடுவது பற்றி என்ன சொல்வது? 2025 ஜூலை 11ஆம் தேதி செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர்களின் 12 கோட்டைகள் சேர்ந்த தொகுதியில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. நமக்கெல்லாம் பெருமைதான். இனி ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏற வருபவர்கள் கூடுவார்கள். வந்தவர்களில் சிலர் பக்கத்து மலைக்காடுகளையும் பார்க்க ஆசைப்படுவார்கள். வரட்டும். காட்டைப் பார்க்காதவனுக்குக் காட்டின் மேல் அன்பு எப்படி வரும்?

ஆனால் ஒழுங்கில்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11ஆம் தேதி, காய்ந்த புல் நிறைந்த மலையில் ஏறியவர்களைத் தீ சூழ்ந்தது. 20க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகச் செல்லும் ஏற்பாடு அது. 2025இல் தீக்காலம் தொடங்கியதும் பாதைகளை மூடினார்கள். திறப்பது மட்டுமல்ல, தக்க காலத்தில் மூடுவதும் ஏற்பாட்டில் ஒரு பகுதி என்பதைக் கவனியுங்கள்.

திருவண்ணாமலையிலும் இதைப் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1ஆம் தேதி மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. காரணத்தை விளக்கிச் சொன்னால் தடையும் மனிதருக்குப் புரியும். காரணம் சொல்லாத தடைதான் கோபத்தை வளர்க்கிறது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? அவலூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே மேல்மலையனூர் இருக்கிறது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எத்தனை கூட்டம்! பஸ் எங்கே நிற்பது, தண்ணீர் எங்கே வைப்பது, எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருவது என்று பல இலாகாக்களும் ஊராரும் உட்கார்ந்து பேசித்தான் அது நடக்கிறது. காட்டுக்கும் அப்படி ஓர் உட்காரல் வேண்டும். வன இலாகா, தொல்பொருள் இலாகா, ஊராட்சி, ஆடு வளர்ப்போர், பெண்கள், பள்ளிக்கூடம் எல்லாரும் அதில் இருக்க வேண்டும்.

அவர்கள் முதலில் ஒரு வரைபடம் போடட்டும்: கன்றுகள் வரும் சரிவு எது, மேயலாம் என்ற இடம் எது, வருகிறவர்கள் நடக்கும் பாதை எது? பிறகு ஒரு நாட்காட்டி: எந்தச் சரிவை எத்தனை ஆண்டு மூடுவது, தீத்தடுப்புக் கோடுகளை எப்போது செதுக்குவது? தை மாதத்துக்குள் செதுக்கினால்தான் பயன். வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் ஊருக்கு ஒரு பங்கு கொடுத்து, அதன் கணக்கைக் கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும்.

மூடிய சரிவால் ஆடு வைத்திருப்பவருக்கு நஷ்டம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. மூடிய இடத்துப் புல்லை அறுத்து எடுத்துப் போக அனுமதிக்கலாம். புல் குறைந்தால் தீயும் குறையும். புறம்போக்கில் அகத்தியும் வேலிமசாலும் தீவனத்துக்காக வளர்க்கலாம். அந்த ஏற்பாட்டைச் செய்த பிறகே மேய்ச்சலைத் தடுக்க வேண்டும்; தடுத்துவிட்டுப் பிறகு யோசிப்பது முறையல்ல.

உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆசிரியரோடு, வன இலாகாவின் அனுமதி பெற்று, அடிவாரத்துக்குப் போங்கள். நான்கு குச்சிகளும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமையுங்கள். அதற்குள் எத்தனை மரக்கன்றுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஆடு அதிகம் மேயும் இடத்தில் பத்து சதுரம், குறைவாக மேயும் இடத்தில் பத்து சதுரம். ஒரே சதுரத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பத்தின் சராசரி உண்மைக்கு அருகில் வரும். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை எண்ணிக் குறித்து வையுங்கள். ஜனவரி 26ஆம் தேதி கிராமசபையில் அந்த எண்களைப் பெரியவர்கள் முன் படித்துக் காட்டுங்கள்.

"ஆடுதான் காட்டை அழித்தது" என்பவரும், "காடு கெடவே இல்லை" என்பவரும் அந்த எண்களுக்கு முன் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டியிருக்கும். எண்கள் இருவருக்கும் பொது. மலையும் அப்படித்தான். அடுத்த வாரம் சந்தைக்குப் போனால், ஆட்டின் விலையோடு இன்னொன்றையும் கேட்டு வாருங்கள்: "இது எந்த மலையில் மேய்ந்தது ஐயா?"