கம்பி மட்டும் போதாதபோது

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அதன்பின் அங்கே கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பெருகின. பல் கிளினிக்குகளுக்கும் பஞ்சமில்லை. பள்ளி வயதில் வீட்டு வசதி இடம்தராமல் தள்ளிப்போட்ட கிளிப்பை, சொந்தச் சம்பளம் வந்த பிறகு 25 வயதிலும் 30 வயதிலும் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு எதிர்பாராத பதில் கிடைக்கிறது: கோளாறு பல்லில் இல்லை, தாடையில்.

இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கோணலாக முளைத்த பல்லைக் கம்பி மெல்ல நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவரும். கீழ்த்தாடையே நீண்டு முன்னே நின்றாலோ, குட்டையாகி உள்ளே போயிருந்தாலோ கம்பி என்ன செய்யும்? வேறு சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராமல் சந்து விழும். மிர்ச்சி பஜ்ஜியைக் கடித்தால் மாவு மட்டும் நசுங்கும், மிளகாய் துண்டாகாது. ‘ஸ’ சரியாக வராது. கீழ்த்தாடை சிறுத்தவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் உண்டு.

வளரும் பிள்ளைகளுக்கு வழி எளிது. தாடை வளரும் பருவத்திலேயே கருவி மாட்டி அந்த வளர்ச்சியை ஓரளவு திருப்பிவிடலாம். பெரியவர்களுக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. கோளாறு லேசானதாக இருந்தால் ஓரிரு பற்களைப் பிடுங்கி, மற்றவற்றைச் சாய்த்து, தாடைக் குறையை மறைக்கலாம். குறை பெரிதாக இருந்தால் கம்பியும் கத்தியும் கைகோக்க வேண்டும்.

இந்த அறுவைக்கு வயது அதிகம். 1849இல் அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹென், தீக்காயத்தின் விளைவாக நீண்டுபோன ஒரு பெண்ணின் கீழ்த்தாடையை வெட்டித் திருத்தினார். கீழ்த்தாடை எலும்பை நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் இன்றைய முறைக்கு 1950களில் வழிவகுத்தவர் ஜூரிச்சில் பணியாற்றிய ஹ்யூகோ ஓப்வெகேசர். முன்பெல்லாம் எலும்பு கூடும்வரை மேல்வாயையும் கீழ்வாயையும் வாரக்கணக்கில் கம்பியால் கட்டிப்போடுவார்கள். டைட்டானியம் தகடும் திருகாணியும் வந்தபிறகு பெரும்பாலோருக்கு அந்தச் சிறை இல்லை.

சிகிச்சை மூன்று கட்டம். முதலில் ஓராண்டு, ஒன்றரையாண்டு கம்பி. தாடைக் குறைக்கு ஈடுகொடுக்கப் பற்கள் தாமாகவே சாய்ந்திருக்கும். அவற்றை நிமிர்த்துவதுதான் இந்தக் கட்டத்தின் வேலை. இதனால் கடி முன்பைவிட மோசமாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். அடுத்தது முழு மயக்கத்தில் அறுவை. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே வெட்டுவதால் முகத்தில் தழும்பு தெரியாது. பிறகு சில வாரங்கள் கஞ்சி, ஜூஸ், மசித்த சாதம். கடைசியில் மீண்டும் சில மாதம் கம்பி, அதைக் கழற்றியதும் பற்களை நிலைநிறுத்தும் ரிட்டெய்னர். மொத்தத்தில் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை ஆகலாம். தகுதியானவர்களுக்கு முதலில் அறுவை, பிறகு கம்பி என்ற முறையும் இருக்கிறது.

பிளவுபட்ட மேலண்ணத்தோடு பிறந்து, குழந்தையிலேயே தையல் போட்டுக்கொண்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களில் சிலருக்கு மேல்தாடை போதுமான அளவு வளராது. வளர்ச்சி நின்றபின் அதை முன்னே கொண்டுவர இதே அறுவைதான்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, வெட்டும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. உதடும் முகவாயும் மரத்துப்போவது சகஜம். பலருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகிவிடும். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, நகர்த்திய தாடை பழைய இடத்தை நோக்கி மெல்லத் திரும்புவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. சேவல்போலப் புன்னகையை மட்டும் காட்டும் விளம்பரங்களில் இதெல்லாம் இருக்காது.

செலவும் சின்னதல்ல. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் வழக்கமாக அழகுக்கான அறுவையை ஏற்பதில்லை. மருத்துவக் காரணத்துக்காக அவசியம் என்று மருத்துவர் சான்றளித்தால் நிலைமை மாறலாம். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரும், வாய்-தாடை அறுவையில் எம்.டி.எஸ். முடித்தவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து திட்டமிட வேண்டிய சிகிச்சை இது. ஒருவர் கம்பியைக் கட்டி முடித்த பிறகு மற்றவரைத் தேடினால், நிமிர்த்த வேண்டிய பற்கள் சாய்ந்தும், பிடுங்கக் கூடாதவை பிடுங்கப்பட்டும் இருக்கலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க எந்த நிபுணராலும் முடியாது. முதல் பல்லை இழக்கும் முன் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது நோயாளியின் உரிமை. அவசரம் எதற்கு? மிர்ச்சி பஜ்ஜி இரண்டு ஆண்டு காத்திருக்கும்.