உண்ணத் தெரியாத எந்திரம்

அறிவியல் கற்பனைப் படம் என்றாலே விண்கலமும் வேற்றுலக மனிதரும்தான் நம் நினைவுக்கு வரும். 2019இல் வெளியான 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' என்ற மலையாளப் படத்தில் அவை எதுவும் கிடையாது. பையன்னூரில் ஒரு முதியவர், ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகன், தந்தையைக் கவனிக்க மகன் கொண்டுவந்து விடும் எந்திர மனிதன், இவ்வளவே கதை. முதியவராக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடு அவ்வாண்டு கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2022இல் இதே கதை தமிழில் 'கூகுள் குட்டப்பா' என வந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நமக்கு இரண்டுமே புரியும்.

பலர் இதை நகைச்சுவைப் படமாகவே பார்த்தனர். படத்தின் உட்பொருள் அடுக்களையில் இருக்கிறது என்பது எனது தாழ்மையான கருத்து.

அந்தப் பெரியவருக்கு மிக்சியே ஆகாது. பிடிவாதம் என்று நாம் சிரித்துவிடுகிறோம். நம் வீடுகளில் அம்மியில் துவையல் அரைத்ததை எண்ணிப் பாருங்கள். (பக்கத்து வீட்டு மலையாளிக்கு அதுவே சம்மந்தி.) அரைப்பவர் நேரம் செலவழித்து, "உப்பு போதுமா அப்பா?" என்று கேட்டுக் கேட்டு அரைப்பார். பெரியவர் தேடுவது அந்த நேரத்தைத்தான். மகனிடம் இல்லாததும் அதுதான்.

எந்திரம் சமைக்கிறது, வீட்டு வேலை செய்கிறது, உடல்நலம் பார்க்கிறது. ரயில்வேயில் எந்திரங்களோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: நீராவி எஞ்சினுக்கும் நிலக்கரி, தண்ணீர் என்று தீனி உண்டு. ஆனால் டிரைவரும் ஃபயர்மேனும் தங்கள் சோற்றுப் பாத்திரத்தை ஒருவரோடொருவர்தான் பகிர்ந்துகொள்வார்கள். குஞ்ஞப்பனுக்கு வேட்டி சட்டை அணிவிக்கலாம், மகனாகவே பாவிக்கலாம். எதிரே உட்கார்ந்து ஒரு பிடி சோறு உண்ண வைக்க முடியாது.

நம் கிராமங்களிலும் பிள்ளைகளை வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெரியவர்கள் பலர். மாதாமாதம் பணம் வருகிறது. பிரிட்ஜில் மூன்று நாள் குழம்பு இருக்கிறது. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு இங்கு வந்த குடும்பங்களே நம்மில் பல. அவர்களுடைய பெற்றோரும் ஊரில் இப்படித்தானே தனியாக உண்டிருப்பார்கள்?

நம் சங்கம் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் பந்தி போடுகிறது. அதோடு மாதம் ஒரு ஞாயிறு, உறுப்பினர் குடும்பம் ஒன்று தனித்திருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கே சென்று, அவரோடு உட்கார்ந்து உண்ணட்டும். வாசலில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைக் குஞ்ஞப்பனே செய்துவிடும்.

செயற்குழு பட்டியல் தயாரித்தால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளட்டும்.